பிளேடின் நடுவில் ஒரு பொட்டு

பம்மலில் வீராசாமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் செய்த இரும்புக் கேட்டைத் திறக்காதவர்கள் இருக்க முடியாது. பைப்பை அறுத்து, வெல்டிங் வைத்து, குனிந்து குனிந்தே முதுகு போன மனிதர். இனி நின்றபடி செய்கிற வேலைதான் ஆகும் என்று, இரண்டாயிரத்து நாலில் கையிலிருந்ததையெல்லாம் போட்டு, கம்பி அறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார். வட்டமான பல் பிளேடு மெதுவாகச் சுற்றும்; சூடு ஏறாமலிருக்க மேலே பால் நிறத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை பம்பு கம்பெனி ஐசக் சார் கொடுத்தது. இரண்டங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு. வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் சுத்தமாக வந்தால் மாசா மாசம் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நம்ம ஆள் என்ன செய்தார்? கேட்டுக்குப் பைப்பு அறுத்துப் பழகிய புத்தி. பல் நெருக்கமாக இருந்தால் வெட்டு வழவழப்பாக வரும் என்று பொடிப்பல் பிளேடாகப் பார்த்து வாங்கி வந்தார். மனைவி அங்காளம்மாள் அதன் நடுவில் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, சூடம் காட்டிய பிறகே மாட்ட விட்டாள். புதுச் சாமான் எது வந்தாலும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். பிளேடு கால் வாசிகூட இறங்கவில்லை. வீறிட்டுக் கத்தி, பல் மழுங்கி நின்றுவிட்டது.

தாம்பரத்தில் பிளேடு கடை வைத்திருக்கும் லாசரஸ் தலையிலடித்துக்கொண்டார். கெட்டி ராடுக்குப் பல் தள்ளித் தள்ளி இருக்கணும், இரும்புச் சீவல் வெளியே விழ இடம் வேணும் என்று கோபால்ட் கலந்த பிளேடு ஒன்றைக் கொடுத்தார். தயங்காமல் அழுத்து, தடவினால் ஸ்டெயின்லெஸ் இன்னும் இறுகிவிடும் என்றும் சொன்னார். எதிர்ப் பட்டறை அப்பாதுரையோ, அழுத்தவே கூடாது, பூ மாதிரி விடணும் என்றார். வீராசாமிக்கு யார் சொல்வதைக் கேட்பதென்றே புரியவில்லை.

இந்தத் தடவை அங்காளம்மாள் பொட்டைப் பெரிதாகவே வைத்தாள். பிளேடு ஆடியது. நாலு பல் பொலபொலவென்று உதிர்ந்தது. லாசரஸ் அதற்குப் புதுப் பல் வெட்டிக் கொடுத்தபடி, "இதே பிளேடு மூணு பட்டறையில நல்லா ஓடுது. உன்கிட்ட வந்தா மட்டும் இன்னாத்துக்குய்யா சாவுது?" என்றார். பிளேடா, மெஷினா, தன் கையா, கிரகமா என்று பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க யோசித்தும் வீராசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகைதான் வந்தது, பாவம்.

வியாழக்கிழமை, பிளேடை மாட்டும் முன், அதை இறுக்கிப் பிடிக்கும் தட்டைத் துடைக்கப் போனார். ஏதோ ஒட்டியிருந்தது துணிக்கு வரவில்லை, நகத்தால் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் கல்போல் காய்ந்த பொருக்கு உதிர்ந்தது. அதன் மேல் உட்கார்ந்த பிளேடு ஆடாமல் என்ன செய்யும்!

அந்த நேரம் பார்த்து அங்காளம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"வேணாம்மே. உன் பொட்டாலதான் பல்லு போச்சு."

ஒரு வார உளைச்சலில் வாய் தவறி வந்துவிட்டது. அவள் பொருக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

தட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மாட்டினார். லாசரஸ் சொன்னபடி நிதானமாக, விடாமல் அழுத்தினார். சீவல் சுருள் சுருளாக விழுந்து, ராடு துண்டாகி நின்றது. வெட்டின முகத்தில் ஆள் முகம் தெரிந்தது. வீராசாமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி சோற்றைப் போட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை துண்டுகளை எடுத்துக்கொண்டு ஐசக் சாரைப் பார்க்கக் கிளம்பினார். வாசலில் அங்காளம்மாள் கிண்ணத்தோடு வழிமறித்தாள். கண் வீங்கியிருந்தது. சந்தனத்தைத் தொட்டு, அவர் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"இங்க வச்சா ஒண்ணும் உடையாதில்ல?" என்றாள்.