விரதம் இருந்த பியர்

என் கணவர் பியர் வடிக்கத் தொடங்கியது மகளுக்காக. அவள் கட்டப்போகும் ஜேர்மன் பையனின் தகப்பன் வீட்டிலேயே பியர் வடிப்பவராம். சம்பந்தி முதன்முதலாக வரும்போது தன் கையால் செய்த பியரை முன்னால் வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நான் சுடும் வடையெல்லாம் கணக்கிலேயே இல்லை.

ஈஸ்ட் போட்ட வாளி குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியில் செருகிய குழாயில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டே மனிதர் தேநீர் குடிப்பார். அதற்குள் கந்தசஷ்டி வந்துவிட்டது. சஷ்டி விரதத்தை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. விரத வீட்டில் பியர் இருக்கலாமா? வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிடத்துக்குக் கீழே உள்ள நிலவறையில் வைத்தார். முருகனுக்கு அங்கே மணக்காது என்று நினைத்தார் போலும்.

குளிரில் குமிழி நின்றுவிட்டது. சர்க்கரையை அளக்கும் மிதவையை விட்டுப் பார்த்தால் இனிப்பு இறங்கவேயில்லை; புளிப்பது பாதியில் நின்றிருந்தது.

"தோசைமாவே இந்தக் குளிருக்குப் பொங்காது. மேல கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில வையுங்கோ" என்றேன்.

"விரதம் முடியட்டும். இப்ப ஏலாது."

"போத்தல்லயாவது அடையுங்கோவன்."

"உமக்கென்ன விசரே? புளிச்சு முடியாமல் அடைச்சால் போத்தல் வெடிக்கும்!"

பட்டினி வயிற்றோடு பியருக்காகக் கவலைப்பட்ட பக்தரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாடு முடிந்த கையோடு வாளி வீட்டிலேயே சூடான குளியலறைக்கு வந்தது. என் கம்பளிச் சால்வையையும் அதற்கே சுற்றிவிட்டார். மெல்ல ஆட்டி ஆட்டி வைத்ததில் குமிழி திரும்பி வந்தது. ஆனால் சம்பந்தி வரும் நாளும் வந்துவிட்டது.

வந்தவரிடம், பியர் இன்னும் முடியவில்லை என்று இவர் தலை குனிந்தபடி ஜேர்மன் மொழியில் சொன்னார். எனக்கே பாவமாகிவிட்டது. சம்பந்தியோ, எங்கே காட்டுங்கள் என்று எழுந்தார். இரண்டு பேரும் குளியலறைக்குள் போய் வாளிக்கு முன்னால் குந்தியிருந்து கதைத்த கதையில் என் வடை ஆறிப்போனது. இவருக்கு அவ்வளவு ஜேர்மன் வரும் என்று எனக்குத் தெரியாது.

சம்பந்தியை வழியனுப்பிவிட்டு இவர் குசினிக்கு வந்தார்.

"வாற சனி தன்ர வீட்டை வரட்டாம். தன்ர பியரும் ஒருக்கா இப்பிடி நிண்டதாம்."

"போங்கோவன்."

"இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிறம். ஒரு ஜேர்மன்காரன் என்னை வீட்டை வா எண்டு கேட்டது இதுதான் முதல்தரம்."

அவர் கண் கலங்கியிருந்தது. என்னால் பகிடி பண்ண முடியவில்லை.

"வெறுங்கையோட போகேலாது" என்றார். "வடை சுட்டுத் தாறீரே?"