சுவரில் விழுந்த புள்ளி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, ஜெர்மனியில் இறந்தவர்களுக்கான நாள். நாள்களைக் குறித்து வைக்கும் பழக்கமுள்ள நான், ஒரு கலை நிகழ்ச்சியை அன்றைக்கா வைப்பார்கள் என்று வியந்தபடிதான் டார்ம்ஸ்டாட் போனேன்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ்ப் பெண் அதைப் படமெடுக்க என்னை அழைத்திருந்தாள். சீனத் தூரிகை எழுத்துக் கலைஞர் ஒருவர், நடுவயதுப் பெண்மணி, மேசையில் விரித்த தாளில் எழுதுவார். மேலே தொங்கும் கேமரா அவர் கையைப் பார்க்கும். கணினி உடனுக்குடன் அந்தக் கோடுகளைச் சுவரில் வரையும். அவை புகையாகவும் வேராகவும் வளரும்.

மதிய ஒத்திகையில் கலைஞர் ஒரு கோட்டின் பாதியில் தூரிகையைத் தூக்கிவிட்டார். சுவரில் கோடு நிற்கவில்லை. வளைந்து, அவர் முடிப்பதைப் போலவே மெலிந்து முடிந்தது.

"ஒண்ணுமில்லண்ணா," என்று அவள் கிசுகிசுத்தாள். "புரொஜெக்டர் லேட்டா காட்டுது. அதை மறைக்க, கை அடுத்து எங்க போகும்னு புரோகிராமே கெஸ் பண்ணும். அவங்களோட பழைய ஒத்திகையெல்லாம் ஊட்டி வச்சிருக்கேன்."

"நல்லாத்தான் ஊட்டியிருக்கம்மா. அடுத்த தடவை அவங்களைக் கூப்பிடவே வேணாம் போல."

"சும்மா இருங்கண்ணா."

கலைஞர் ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: "காலையிலிருந்து அது முன்னால் போகிறது, என் கை பின்னால் போய்ச் சேருகிறது. அந்த ஊகத்தை அணைத்தால்தான் எழுதுவேன். என் கை எனக்கு வேண்டும்."

அவள் அணைத்தாள். கணினித் திரையில் ஊகத்தின் அளவு பூஜ்யமாக நிற்பதை நானும் பார்த்தேன்.

இறந்தவர்களுக்கான நாள் என்பதால் மாலை நிகழ்ச்சியில் இசை வைக்கவில்லை. தூரிகை தாளில் உரசுவது கடைசி வரிசைவரை கேட்டது. சுவரின் மை இப்போது ஒரு கணம் பிந்தியே வந்தது. கலைஞரின் தோள்கள் தளர்ந்தன.

கடைசி எழுத்து, 'நான்' என்பதற்கானது. அதில் இறுதியாக வைப்பது வலது மேல்மூலையில் ஒரு புள்ளி. அதை வைக்காமல் நிறுத்தினார். தூரிகையைக் கீழே வைத்தார், இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார், சுவரைப் பார்த்தார்.

பிந்திய கோடு வந்து சேர்ந்தது. நின்றது. பிறகு புள்ளி விழுந்தது.

கூட்டம் கைதட்டியது.

"நான் எதையும் தொடலண்ணா." அவள் கைகளைத் தூக்கிக் காட்டினாள். திரையில் அதே பூஜ்யம்.

கலைஞர் எழுந்து வந்தார். "கேமரா கையை மட்டும்தானே பார்க்கிறது?"

"ஆமாம்," என்றாள் அவள்.

"கை மடியில் இருந்தது. புள்ளியை மனதுக்குள்தான் வைத்தேன்."

கலைஞர் தூரிகையைக் கழுவித் துடைத்தார். புள்ளி இல்லாத அந்தத் தாளைக் கடைசிவரை நிறைவு செய்யாமலே சுருட்டிக்கொண்டார்.

பிராங்பேர்ட் திரும்பும் எஸ்-பான் ரயிலில் கலைஞர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன. தாள்சுருள் அக்குளில். டிக்கெட் பரிசோதகர் யாரும் வரவில்லை. கைகள் வெளியே வரவும் இல்லை. இறங்கும்போது கதவுப் பொத்தானை முழங்கையால் அழுத்தினார்.