இடுப்பளவுத் தண்ணீரும் ஆழ்கடல் கதைகளும்

ஏரியிலிருந்து ஏறி வந்ததும் கொஞ்ச நேரத்துக்கு என் விரலை போன் மதிக்காது. விடிந்ததிலிருந்து சேற்றுக்குள் இறால் தடவிய விரல்கள் வெளுத்துச் சுருங்கி, ஊறவைத்த கடலையைப்போல இருக்கும். திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன், பக்கம் நகராது. விரலை மடக்கி முட்டியால் தள்ளுவேன். அதற்கும் அசையாவிட்டால் மூக்கு நுனி. மூக்கால் கதை படிக்கிற ஆள் இந்தப் பழவேற்காடு ஏரிக்கரையிலேயே நான் ஒருத்திதான் என்று மகள் கேலி செய்வாள். அவள் பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறாள். கதை படிக்கும் செயலியை என் போனில் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். சமையல் குறிப்பும் குடும்பக் கதையும் படிப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் போய் மாட்டிக்கொண்டது ஆழ்கடல் திகில் கதைகளில்.

எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். நாலைந்து பேர் ஓர் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து கடலின் அடிக்கு இறங்குவார்கள். முதலில் வெளிச்சம் போகும். பிறகு மேலே நிற்கும் கப்பலோடு பேச்சு அறுந்துபோகும். பிறகு கூண்டுக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கும். அது இன்னதென்று அந்த வாரம் சொல்லமாட்டார்கள். நான் விடாமல் படித்த ஒரு தொடரில், கடலடியில் கம்பிவடத்தைப் பழுதுபார்க்கப் போனவர்களுக்கு வெளியிலிருந்து யாரோ தட்டும் சத்தம் கேட்கும். மூன்று தட்டு, சற்று நிறுத்தி இன்னொரு தட்டு. அவர்களில் ஒருவன் டீ கிளாஸில் எப்போதும் அப்படித்தான் தட்டுவான். ஆனால் அவன் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். எழுதியவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அப்போது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் வருகிற யாருக்குமே உடம்பு வலிப்பதில்லை. நாள் கணக்கில் கூண்டுக்குள் முடங்கிக் கிடப்பவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளாதா? 'போதும்டா சாமி, தட்டுகிறவன் தட்டிவிட்டுப் போகட்டும், நான் கொஞ்சம் படுக்கிறேன்' என்று ஒருத்தனாவது சொல்லமாட்டானா? பயப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். எனக்கு அது பாயில் படுத்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்த பிறகுதான் வரும். அப்படிப் படுத்துக்கொண்டு பயப்படுவது ஒருவகையில் எனக்கு ஓய்வாக இருந்தது. பயந்து முடித்ததும் நன்றாகத் தூக்கம் வரும்.

எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பது புரியும். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். ஆனால் நாங்கள் கடலுக்குப் போகிற ஆட்கள் இல்லை. ஏரிக்குள் இறங்கி, குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். சேற்றுக்குள் விரலில் என்ன தட்டுப்படும் என்று கண்ணுக்குத் தெரியாது. நண்டு கடிக்கும், கெளுத்தி முள் குத்தும். அதற்கெல்லாம் நான் ஒருநாளும் பயந்ததில்லை. காரணம், ஏரியில் எங்கே இறங்கினாலும் கால் தரையில் நிற்கும். முழங்கால், தொடை, இடுப்பு, மிஞ்சிப்போனால் மார்பு. எனக்குத் தெரிந்த தண்ணீர் அவ்வளவுதான். கடலில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். நூறு பாகம் என்று படித்தால் நூறு பேர் கையை விரித்தபடி ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் தொங்குவது கண்ணில் வரும். கடைசி ஆள்வரை போவதற்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படகு நின்றால் இறங்கிவிடுவோம். சேற்றில் தட்டினால் இறங்கித் தள்ளுவோம், வலை சிக்கினால் இறங்கி எடுப்போம். இறங்குவதற்கு முன்னால் யாரும் கீழே பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் இதில் ஒரு படி மேலே. படகில் எங்களுக்குள் சண்டை வந்தால், நடு ஏரியில் பொசுக்கென்று இறங்கி, லுங்கியை உயர்த்திக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார். நான் கோலை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே திட்டிக்கொண்டு போவேன். கரையில் இருப்பவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் மணல் மூடிப்போனதிலிருந்து இறால் உள்ளே வருவது குறைந்துவிட்டது. பாதிப் பறிகூட நிறையாமல் கரையேறிய நாட்கள் அதிகமாயின. அப்போதுதான் என் வீட்டுக்காரருடைய அக்கா புருஷன் சென்னை காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து போன் செய்தார். அவர் வேலை பார்க்கிற லாஞ்சுப் படகில் வலை இழுக்க ஓர் ஆள் குறைகிறதாம். தங்கு கடல் தொழில், போனால் பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே இருக்கவேண்டும். இவர் உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. புயலை நினைத்தோ, பெரிய மீனை நினைத்தோ இல்லை. அவருடைய காலை நினைத்து.

"யோவ், நீ போவாத. படகு நின்னா நீ எறங்கிடுவ."

"இன்னாமே பேசற? கடல்ல எவனாவது எறங்குவானா? எனுக்கு அறிவு இல்லியா?"

"உனுக்கு அறிவு கீது. உன் காலுக்கு இல்ல."

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அக்கா புருஷனுக்குப் போன் போட்டு இதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுவரை தரையை மட்டுமே மிதித்த கால், யாரைக் கேட்டுக்கொண்டு இறங்குகிறது? அந்தக் காலுக்கு எப்படியாவது பயத்தைக் காட்டிவிடவேண்டும் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்த பயமெல்லாம் போனில்தான் இருந்தது.

அவர் கிளம்பும்வரை சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டுகிற கதையை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கூண்டு இறங்குகிறது, கண்ணாடிக்கு வெளியே நீலம் கருப்பாகிறது, அடி இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நான் இழுத்து இழுத்துப் படிக்கும்போது பக்கத்தில் குறட்டை கேட்கும்.

"யோவ்!"

"கேக்கறன்மே. கருப்பாயிடுச்சி. மேல சொல்லு."

"மேல இன்னா சொல்றது? தட்டுனது யாருன்னு சொல்லு பாக்கலாம்?"

"போஸ்ட்மேனா?"

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. தினமும் வாசித்தேன், தினமும் திகில் ஏறுகிற இடமாகப் பார்த்துத் தூங்கிப்போனார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்த உடம்பு. கேட்பவனுக்கு அலுப்பு, வாசிப்பவளுக்கும் அலுப்பு. அத்தனை அலுப்புக்கு நடுவில் எந்தப் பேய் வந்து உட்காரும்? துணிப்பையில் இரண்டு லுங்கியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு பொன்னேரி ரயிலுக்குப் போனார். காலைப் பார்த்துக்கொள் என்றேன். செருப்பைத் தொலைக்காதே என்கிறாயா என்று சிரித்தார்.

அவர் போன பிறகு நான் அந்தச் செயலியைத் திறக்கவில்லை. போன் இருந்தது அவர் பேசுவாரா என்று பார்க்கத்தான். கரையை விட்டுத் தாண்டினால் சிக்னல் இருக்காது என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஏரிக்குப் போவேன். பல்லில் பறி இருப்பதால் ஏரியில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள், அது நல்லதாகப் போயிற்று. குந்தி நகரும்போது சில சமயம் குதிகாலைச் சேற்றில் அழுத்திப் பார்த்துக்கொள்வேன். தரை இருந்தது. அவருக்குக் கீழே இப்போது எத்தனை பாகம் என்று நினைத்தால் கை நின்றுவிடும், இறால் நழுவும். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. கதை படித்துப் பயந்தபோது வந்த தூக்கம் நிஜமாகப் பயந்தபோது வரவில்லை.

திரும்பி வந்தார். கறுத்து, கன்னம் ஒட்டி, பை நிறைய மீனோடு வந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய கால்களைத்தான். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"எப்பிடியா இருந்திச்சி?"

"ஒண்ணும் இல்ல. தூக்கந்தான் பத்தல. இனிமே போவல."

ஏன் என்று கேட்டதற்குப் பேஜாரான வேலை என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. குழம்பு வைத்தேன், நன்றாகச் சாப்பிட்டார். சாயங்காலம் பழைய நினைப்பில் கதையை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஏரிக்குப் போனோம். வழக்கம்போல அவர் முன்னால் நின்று கோல் போட்டார். பாதி ஏரி தாண்டியதும் படகு சேற்றில் தட்டி நின்றது. அவர் இறங்குவார் என்று நான் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். இறங்கவில்லை. கோலைத் தண்ணீரில் விட்டு அடியைக் குத்திப் பார்த்தார். இன்னொரு பக்கம் குத்தினார். கோலை வெளியே எடுத்து, எந்த அளவுக்கு நனைந்திருக்கிறது என்று பார்த்தார். தொடை அளவுகூட இல்லை. அப்போதும் இறங்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா?"

சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரு நாள் விடியகாத்தால வல போயி இஞ்சின் காத்தாடில சுத்திக்கினிச்சி. இஞ்சின நிறுத்திட்டாங்க. காத்து இல்ல, அல இல்ல. தண்ணி நம்ம ஏரி மாதிரியே தட்டையா கீது. படகு நின்னுச்சி. நான் எறங்கிட்டேன்."

நான் அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கால் தரைய தேடிச்சிமே. தேடிக்கினே போவுது. கண்ண தொறந்து பாக்கறேன், கால் தெரியுது, அதுக்குக் கீழ எதுவும் தெரியல. கயிறு போட்டு தூக்கிட்டாங்க. ஏரிக்காரன் எறங்கிட்டான்டான்னு எல்லாரும் ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். அப்புறம் ஒரு நாளும் தூங்கல. கண்ண மூடுனா கால் தேட ஆரம்பிச்சிடுது."

எத்தனையோ கதை படித்தவள் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. "கீழ எதுனா இருந்துச்சா?"

"உன் கதைல எதுனா ஒண்ணு இருக்கும். தட்டும். புடிக்கும். அங்க ஒண்ணுமே இல்லமே. அதான்."

தூங்கிக்கொண்டே இருந்தாலும் தட்டுகிறது வரைக்கும் கேட்டிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் காலுக்குப் பயம் வரவேண்டும் என்று தொண்டை வறள வாசித்தேன். பயம் வந்துவிட்டது, ஆனால் அதைக் காசிமேட்டில் இறக்கிவைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. கூடவே ஏரிக்குக் கொண்டுவந்துவிட்டார். உயிரோடு வந்தாரே என்று ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், தொடையளவுத் தண்ணீரில் இறங்கமாட்டாத மனிதன் இந்த ஊரில் என்ன செய்து பிழைப்பார் என்ற கவலை. எதையும் யோசிக்க முடியாத அளவுக்கு அலுப்பாக இருந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"முட்டித் தண்ணிதான்யா. எறங்கு."

"நீ மொதல்ல நில்லு. நீ நின்னா எறங்கறேன்."

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். நிமிர்ந்து நின்றேன். தண்ணீர் என் உடம்பில் எதுவரை வந்திருக்கிறது என்று அவர் பார்த்தார். தொடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தொடையைப் பார்த்தார். பிறகு ஒரு கையைப் படகிலும் ஒரு கையை என் தோளிலும் வைத்துக்கொண்டு, குளத்தில் முதல் தடவை இறங்குகிற குழந்தையைப்போல மெதுவாகக் காலை விட்டார். பாதம் சேற்றில் பதிந்தது எனக்கும் தெரிந்தது. மற்றக் காலையும் விட்டார். தோளிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

இரண்டு பேருமாகத் தள்ளினால் படகு நகர்ந்திருக்கும். இறால் தடவவும் நேரமாகிக்கொண்டிருந்தது. குந்துவதற்காக நான் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தேன்.

"நில்லுமே, குந்தாத. கொஞ்ச நேரம் நின்னுக்கினு இரு."

முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. நின்றுகொண்டிருந்தேன்.