ஈரப் பள்ளத்தில் நான்காவது கட்டம்

வில்லரேயில் நான் வேலை செய்யும் டெப்பனர் என்கிற தெருமுனைப் பலசரக்குக் கடையில் பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள் டொக்டர் சாரதாவின் மகள். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். இனி அந்தப் பள்ளத்துக்குள் யார் பின்னால் போவேன்?

ரொக்ஸ்பரோ ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் அந்த ஈரப் புல்வெளிப் பள்ளத்தை, அவரை அறிந்து இன்று இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். இழுத்துக்கொண்டு போகாமல் விடமாட்டார். விளிம்பில் சிவப்புத் தண்டு டொக்வுட், நடுவில் நீர் தேங்கும் இடத்தில் வில்லோ. யாரும் நடாமல் தாமாக வளர்ந்த புதர்கள். நிலத்தைக் கயிற்றால் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள புதர்களை எண்ணுவது தாவரவியல் பேராசிரியரான அவருடைய ஆராய்ச்சி. தொண்ணூற்றிரண்டில், அகதி வழக்கு முடியாமல் இருந்த என்னை உதவியாளராக வைத்துக்கொண்டார். விசாரணைக்கு அவர் தரப்போகும் கடிதத்தைத்தான் நம்பியிருந்தேன்.

முதல் நாள் என்னை அங்கே விட்டுவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டார். நான் விளிம்பைத் தாண்டவில்லை. பன்னிரண்டு கட்டங்களுக்கும் வாய்க்கு வந்த எண்களை எழுதிக் கொடுத்தேன்.

தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நடுவுல டொக்வுட்டே கிடையாது, சிவம். நீங்க உள்ளே போகவே இல்ல."

கடிதம் போச்சு என்று நினைத்தேன். "பயம், டொக்டர். ஊரிலை என்ரை மச்சான் இப்பிடி ஒரு பத்தைக்குள்ளைதான் கால் வைச்சவன். கண்ணிவெடி. கால் போயிட்டுது."

"பயம்னா பயம்னு எழுதுங்க. பொய் எழுதாதீங்க" என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். சேற்றில் அவர் பதித்த தடங்களில் மட்டும் நான் கால் வைத்தேன்.

ஏழாவது கட்டத்தில் அலறிக்கொண்டு என் சட்டையைப் பிடித்தார். விரல் தடிப்பில் ஒரு பாம்பு. விஷமில்லாதது என்று அவருக்கே தெரியும். அந்தச் சூரப்புலி தன் தாளில் எழுதினார்: "ஏழு. பாம்பு. பயம். எண்ணவில்லை."

கடிதமும் தந்தார். வழக்கு வென்று நான் வேறு வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அவர் பின்னால் போனேன். தனியே ஒருநாளும் போனதில்லை.

சென்ற ஞாயிறு தனியே போனேன். மூன்று கட்டங்களை எண்ணினேன். நான்காவதில் ஏதோ சரசரத்தது. முன்னால் தடம் இல்லை. கால் எழவில்லை. நின்ற இடத்திலேயே பென்சிலை எடுத்தேன். "நான்கு. பயம். எண்ணவில்லை."

அந்தத் தாளை வைத்திருக்கிறேன். அதில் பொய் இல்லை, டொக்டர்.