கண்ணாடியில் தெரிந்த தாடிக்காரர்

தம்பானூரில் நான் சேர்ந்த ஜிம்மில், பயிற்சியாளர் என்னை எப்போதும் மெஷின் பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தார். "சேச்சிக்கு மெஷின் போதும், கேட்டோ" என்பார், மலையாளத்தில் அக்கா என்று அழைத்து. கம்பியும் இரும்புத் தட்டுகளும் ஆண்களுக்கு மட்டும்தான். பெண் என்பதால் ஒதுக்குகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வீம்பில், அவர் வராத ஒரு காலையில் நானே பெஞ்சில் படுத்துக் கம்பி தூக்கப் போனேன். தட்டுகள் நழுவக் கூடாதென்று கம்பியின் இரு முனையிலும் கிளிப்பை இறுக்கிப் பூட்டினேன். வீட்டுப் பூட்டையே இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். நிமிர்ந்தால், கண்ணாடியில் ஒரு தாடிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைத்தேன். திரும்பிக்கொண்டார்.

சில முறை தூக்கியதும் கம்பி நெஞ்சில் இறங்கியது, மேலே ஏறவில்லை. மெஷின் என்றால் கையை விட்டால் போதும். இங்கே விடவும் முடியவில்லை, கத்த மூச்சும் இல்லை. அப்போது தலைமாட்டிலிருந்து இரண்டு கைகள் கம்பியைப் பிடித்துத் தூக்கின. அதே தாடிக்காரர்.

"தனியாச் செய்யும்போ கிளிப் போடாதீங்க சேச்சி. முடியலேன்னா ஒரு பக்கமாச் சரிச்சா தட்டு தானே விழுந்திரும். நீங்க பூட்டினதப் பாத்துத்தான் கவனிச்சிட்டே இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் முறைச்சீங்களே!"

பயிற்சியாளர் மேலுள்ள சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. மெஷினுக்கும் நான் திரும்பவில்லை. ஆனால் பெஞ்சில் படுக்கும் முன் ஒருமுறை கண்ணாடியைப் பார்க்கிறேன். அதில் யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் கம்பியைத் தொடுகிறேன்.