ஈரக்கையால் வைத்த டைமிங்

நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும் அவள் தம்பி இருந்தான். உப்புப் பாத்தி வரப்பில் வேறு ஆள் இல்லை.

பாத்திக்குத் தண்ணீர் இறைக்க, ஒரு பழைய பைக்கின் இன்ஜினைக் கழற்றி இரும்புச் சட்டத்தில் வைத்து, பம்போடு பெல்ட் மாட்டியிருந்தேன். இழுவை போதவில்லை என்று லேத்தில் கொடுத்து, சிலிண்டர் மூடியான ஹெட்டைச் சீவி வாங்கினேன். சீவினால் அழுத்தம் கூடும். பிறகு டைமிங், பொறி விழும் நேரம், தப்பக்கூடாது. பொறி முந்தி விழுந்தால், மிதித்துக் கிளப்பும் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

எனக்குத் தெரிந்தது ஒரே முறை. பொறியை விடும் பாயின்ட்டின் இரண்டு முனைக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி, இன்ஜின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுவேன். பாயின்ட் திறந்து தாள் நழுவும்போது பொறி விழும். அப்போது சக்கரத்தில் உள்ள கோடு பாடியில் உள்ள கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும்.

"என்னா மாமா, இன்ஜினுக்கு ஜோசியம் பாக்குறியா?" என்றான் மச்சான்.

"டேய், உன் கல்யாணத்துக்குத்தான் பாக்குறாரு. ஒண்ணும் அம்புட மாட்டேங்குது" என்றாள் மனைவி. பிறகு என்னிடம், "கை ஈரமா இருக்குதுங்க. தொடச்சிட்டு வைங்க" என்று முந்தானையை நீட்டினாள்.

"ஈரம் என்னா பண்ணும்" என்றேன்.

தாள் கோட்டைத் தாண்டித்தான் நழுவியது. பாயின்ட் பிந்தித் திறக்கிறது என்று நினைத்து, அது உட்கார்ந்திருக்கும் தட்டைத் திருப்பி முந்த வைத்தேன். பாயின்ட் பிந்தவில்லை. உப்புத் தண்ணீர் பட்ட தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் கார்புரேட்டரைப் பிடித்தேன். மச்சான் கிக்கரை மிதித்தான். பாத்தியில் யாரும் செருப்புப் போடுவதில்லை. கிக்கர் திருப்பி அடித்தது. விழுந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு வெளியே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் எல்லாம், "பழைய இன்ஜினுங்க, அதான்" என்றான்.

நாலாம் நாள் தனியாக இன்ஜினிடம் போனேன். கையைத் துடைத்து, காய்ந்த தாளை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னாலேயே நழுவியது.

அவனிடம் போய்ச் சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லாத மாமா. பேசியே உன்ன சாவடிச்சிடும்" என்றான். சிரித்தான்.

அன்றே மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

கட்டுப் பிரித்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். போன வாரம் வீட்டிலிருந்து ரோட்டு வரைக்கும் நடந்தான். தோளில் மூட்டையோடு நிற்காமல் போகிறவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. நான் பின்னால் போனேன். நின்று நின்று போனான். எத்தனை தடவை நின்றான் என்று எண்ணினேன்.

ஏழு.