கிடை போட்டிருந்தபோது வந்த அதிகாரி

ஆட்டுப் புழுக்கை, மூத்திரம், காய்ந்த மண். சித்திரை என்றதும் எங்கள் ஊரான நெரவிப் பக்கத்து வயலிலிருந்து எனக்கு முதலில் வருவது இந்த வாடைதான்.

பாண்டிச்சேரியில் எம்.ஏ. முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த வருடம். அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தை அதன் வெளியூர் சொந்தக்காரர்கள் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போவதாக போர்டு நட்டார்கள். எங்கள் சொந்த வயல் அதற்குக் கிழக்கே, கொஞ்சம்தான். அதற்கான வாய்க்கால் தண்ணீரும் அந்த நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

நிலம் தரிசு, பல வருடமாகச் சாகுபடி இல்லை, மனையாக மாற்ற அனுமதி வேண்டும் என்று கம்பெனி மனு கொடுத்தது. ஊரில் எல்லோரும் சேர்ந்து எதிர்மனு கொடுத்தோம். நேரில் பார்க்க அதிகாரி வருவதாகத் தை மாதம் நோட்டீஸ் வந்தது.

விற்ற பிறகும் அந்த நிலத்தில் நாங்கள்தான் சாகுபடி. அப்போது வயல் முழுக்கக் கதிர்.

"அறுப்பு நேரத்துல எவன் வந்து நிப்பான்? மிஷினுக்குச் சொல்லியாச்சு. எல்லாம் முடியட்டும், ஊரே தெரண்டு நிக்கிறோம்னு எழுதும்மா" என்றார் அப்பா.

எழுதினேன். நல்ல தமிழில், மரியாதையாக.

அவகாசம் கொடுத்தார்கள்...

சித்திரையில் ஒரு காலை. சொன்னபடி ஊரே திரண்டு நின்றது. உளுந்தும் பிடுங்கி முடிந்திருந்தது. வயலில் பச்சை என்று எதுவும் இல்லை. வெடிப்பு. நடுவில் கிடை போட்ட ஆடுகள்.

அதிகாரி ஆடுகளை போட்டோ எடுத்தார்.

"மேய்ச்சலுக்கு விட்டுருக்கீங்க போல."

"எருவுக்குங்க சார்" என்றார் அப்பா. "ஆடு அடைஞ்சா வயலுக்கு ஒரம். ஆட்டுக்காரருக்கு நாங்கதான் கூலி குடுக்குறோம்."

"பயிர் எங்க?"

"அது... அறுத்துட்டோங்களே."

யாரோ சிரித்தார்கள். வருடா வருடம் எங்களுக்கு நடவுக்கு வரும் ஆரோக்கியமேரி அக்கா சிரிக்கவில்லை.

"ஏன் சார், சாப்ட்டு எடுத்த எலையப் பாத்துட்டு, இங்க சோறே போடலன்னு எழுதுவீங்களா? நாங்க என்ன, தார் ரோட்டுலயா நாத்து நடுறது?"

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. பயிர் இல்லை. ஆடு மேய்கிறது.

அதற்குப் பிறகு மறியல் செய்தோம். மறுபடி மனு, மறுபடி மனு. எதுவும் அந்த போட்டோவை மாற்றவில்லை.

நான் எழுதிய கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை.

இப்போது நான் சென்னையில். ஊரில் அந்த நிலத்தில் மூன்று தெருக்களில் வீடு எழும்பியிருக்கிறது. மிச்ச மனைகளில் கருவேலம். வாய்க்காலைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது, பிந்தி. ஆரோக்கியமேரி அக்கா அதே தெருக்களில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்.

அப்பா ஒவ்வொரு மார்கழியும் எங்கள் வயலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பயிர், வரப்பு, பின்னால் கம்பெனியின் காம்பவுண்டு சுவர். கீழே தேதி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பத்தரமா வச்சுக்கம்மா. யாராவது கேட்டா காட்டணும்."

இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் ஒன்றையும் அழிப்பதில்லை.